நாற்காலி விவகாரம்: ‘நெல்லை மும்பை சொந்தங்கள்’ குழுவிலிருந்து

சனிக்கிழமை

சுமதி அத்தை: 📷 படம்
📷 படம்

சுமதி அத்தை: டைனிங் நாற்காலியின் லட்சணத்தைப் பாருங்கள். ரெக்சின் செதில் செதிலாக உதிர்கிறது. உங்கள் மாமா வெள்ளை வேட்டியோடு இதில் உட்கார்ந்து எழுந்து, பின்னால் கருப்புப் பொட்டு பொட்டாக ஒட்டியிருக்க, அப்படியே சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்.

பிரியா: அப்பா! 😂😂

நடராஜன் மாமா: யாரும் சொல்லவில்லையே.

சுமதி அத்தை: பக்கத்துக் கடையில் கேட்டேன். நாலு நாற்காலி, கிச்சன் ஸ்டூல் ரெண்டு. எல்லாவற்றுக்கும் 4 இன்ச் ஃபோம் வைத்து, புது ரெக்சின் போட்டுத் தருகிறானாம். “ஆன்ட்டி, சோபா மாதிரி இருக்கும்” என்கிறான். கொடுத்துவிடட்டுமா?

ராஜா சித்தப்பா: அக்கா, கொடுக்காதே. ஒரு ரிக்‌ஷா சீட் கையில் இருக்கிறது. முடித்துவிட்டு எழுதுகிறேன்.

கார்த்திக்: அத்தை, சித்தப்பா வருவதற்குள் டேப்பை எடுத்துச் சில அளவுகள் சொல்லுங்கள். தரையிலிருந்து டேபிள் மேல்மட்டம், டேபிளுக்கு அடியில் ஓடும் சட்டத்தின் கீழ்விளிம்பு, நாற்காலி சீட். ஸ்டூலுக்கு அதன் உயரமும் கிச்சன் மேடை உயரமும். மாமா உட்கார்ந்திருக்கும்போது சீட்டை அளக்க வேண்டும், காலியாக இருக்கும்போது அல்ல.

நடராஜன் மாமா: நான் பேப்பர் படிக்கிறேன்.

கார்த்திக்: படித்துக்கொண்டே உட்காருங்கள் மாமா, அதுதான் வேண்டும்.

சுமதி அத்தை: டேபிள் 30. அடிச்சட்டம் 26. நாற்காலி, இவர் உட்கார்ந்ததும் 16-க்கு இறங்கிவிடுகிறது. கிச்சன் மேடை 36, ஸ்டூல் 30.

கார்த்திக்: பாதி வியாதி இதிலேயே தெரிகிறது. சீட்டுக்கும் டேபிள் மேல்மட்டத்துக்கும் நடுவில் 10 முதல் 12 இன்ச் இருக்க வேண்டும். நாற்காலியில் 14 இருக்கிறது. அதனால்தான் மாமா தட்டை மார்புக்கு நேராக வைத்துச் சாப்பிடுகிறார், எழும்போது டேபிளைப் பிடித்து உந்துகிறார். ஸ்டூல் நேர்மாறு, வெறும் 6 இன்ச். தொடையே உள்ளே நுழையாது.

பிரியா: அந்த ஸ்டூலில் எல்லோரும் ஒருக்களித்து உட்காருவது இதனால்தானா?

கார்த்திக்: ஆமாம். அது 42 இன்ச் பார் கவுண்டருக்குச் செய்த ஸ்டூல். நம் மேடைக்கு 24-லிருந்து 26 வரை போதும். அதன்மேல் இன்னும் 4 இன்ச் ஃபோம் வைத்தால் தலை சிம்னியில் இடிக்கும்.

ராஜா சித்தப்பா: வந்துவிட்டேன். அக்கா, ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் படம் அனுப்பு. மேல்பக்கம் எனக்குத் தேவையில்லை.

சுமதி அத்தை: 📷 படம்

ராஜா சித்தப்பா: நினைத்தேன். நாலு மூலையிலும் ஸ்க்ரூ, நடுவில் மெல்லிசு ஹார்டுபோர்டு, அது கிண்ணமாகக் குழிந்திருக்கிறது. இதன்மேல் எந்த ஃபோம் வைத்தாலும் குழிக்குள்தான் போகும். நல்ல வேளை, தேக்குச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட்டும் தனியாகக் கழன்று வரும். கழன்று வருகிற சீட் போட்ட ஆசாரிக்குக் கும்பிடு போடலாம். துணியும் ஃபோமும் என்றைக்கானாலும் மாற்ற வேண்டியவை. நாலு ஸ்க்ரூவில் வேலை முடிய வேண்டும்.

ராஜா சித்தப்பா: கடைக்காரன் ஃபோமை உன் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னானா?

சுமதி அத்தை: ஆமாம். வெண்ணெய் மாதிரி இருந்தது.

ராஜா சித்தப்பா: அதுதான் வியாபாரம். கட்டைவிரலுக்கு எது சுகமோ அது உட்காருகிற இடத்துக்குச் சுகமில்லை. உட்காரும்போது பாரத்தில் பெரும்பகுதி இடுப்புக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில்தான் இறங்கும். மெத்தென்ற ஃபோமை அந்த இரண்டும் துளைத்துக்கொண்டு போய்ப் பலகையில் உட்காரும். கடையில் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தால் தெரியாது. ரசம் சாதத்துக்கு வருவதற்குள் தெரிந்துவிடும். அடி உறுதியாக இருக்க வேண்டும், நடு கெட்டியாக, மேலே அரை இன்ச் மட்டும் இதமாக. நான் மும்பையின் பழைய பத்மினி கார் டாக்சிகளுக்குச் சீட் கட்டிய காலத்திலிருந்து இதுதான் கணக்கு. டாக்சிக்காரன் பன்னிரண்டு மணி நேரம் உட்காருவான், அவனை ஏமாற்ற முடியாது.

நடராஜன் மாமா: பத்மினி போய்விட்டதே மச்சான்.

ராஜா சித்தப்பா: 2023 அக்டோபரோடு போய்விட்டது அத்தான். கடைசியாகப் பதிவான வண்டிக்கும் டாக்சியாக ஓட அனுமதித்த 20 வருஷம் முடிந்துவிட்டது. அது கிடக்கட்டும்.

பிரியா: மாமா, மேலே வெள்ளை பூக்லே துணி போடலாமா? சுருள் சுருளாக, ஆட்டுக்குட்டி மாதிரி இருக்குமே. இன்ஸ்டாவில் எல்லோர் வீட்டிலும் அதுதான்.

விமலா சித்தி: சாம்பார் ஊற்றுகிற இடத்தில் வெள்ளையா? அந்தச் சுருளுக்குள் ஒரு பருக்கை போனால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும் பிரியா. கொலுசு, வளையல், பூனை நகம் எல்லாம் மாட்டும். நெருக்கமாக நெய்த துணி எடு. கடையில் மார்ட்டின்டேல் என்று ஒரு எண் சொல்வார்கள், தேய்ப்புச் சோதனையில் எத்தனை சுற்று தாங்கியது என்பது. தினமும் உட்காருகிற நாற்காலிக்கு 20,000-க்குக் குறையாமல் பார். மதினி, ரெக்சின் மட்டும் மறுபடி வேண்டாம்.

சுமதி அத்தை: துடைக்க வசதியாக இருக்குமே விமலா?

கார்த்திக்: எது என்பதைப் பொறுத்தது அத்தை. உங்கள் நாற்காலியில் இருப்பது பாலியூரித்தேன் பூச்சு. காற்றில் உள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல உடைத்துவிடும். அலமாரியில் சும்மா வைத்த ஷூவின் அடிப்பாகம் பொடிப்பொடியாவதும் இதே சங்கதிதான். மும்பை மழைக்காலத்துக்கு அது ஆகாது. பிவிசி ரெக்சின் ஈரத்தைத் தாங்கும், ஆனால் மே மாதம் தொடையோடு ஒட்டிக்கொள்ளும், வருஷம் போகப் போக விறைத்து வெடிக்கும். ஃபோமும் பாலியூரித்தேன்தான். பாலியூரித்தேனை 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரின் குழு உருவாக்கியது.

நடராஜன் மாமா: அவர் செம்பூரில் ஒரு ஜூலை மாதம் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ராஜா சித்தப்பா: 😂 சரி, இப்போது வேலைக்கு வருவோம். நாற்காலிக்குப் பட்டை, ஸ்டூலுக்குப் பலகை.

கார்த்திக்: ஏன் இரண்டுக்கும் பலகையே போடக் கூடாது? 12 மில்லி ப்ளைவுட் நிற்குமே.

ராஜா சித்தப்பா: நிற்கும், ஆனால் அத்தான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர். பட்டை கூடவே கொஞ்சம் இறங்கி ஏறும். நம் ஊர் நாடாக் கட்டில் மாதிரி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கட்ட வேண்டும். ரெண்டு இன்ச் அகல இலாஸ்டிக் பட்டை, முன்பின்னாக நாலு, குறுக்கே நாலு. உள் இடைவெளி 14 இன்ச் என்றால் 12.5-ல் குறி போட்டு, அந்தக் குறி மரத்தின் ஓரத்துக்கு வரும்வரை இழுத்து அடிப்பேன். எல்லாப் பட்டைக்கும் ஒரே இழுவை இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் பக்கத்துப் பட்டை சீக்கிரம் சாகும். பட்டை முனையை மடித்து, மடிப்பின்மேல் இன்னொரு வரிசை ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். பாதிப் பேர் மடிக்காமல் அடித்துவிட்டுப் போவார்கள், ஆறு மாதத்தில் நூல் பிரிந்து உருவிக்கொண்டு வரும்.

கார்த்திக்: எட்டுப் பட்டையும் உள்பக்கம் இழுக்குமே. சட்டம் வளையாதா?

ராஜா சித்தப்பா: அதைத்தான் முதலில் பார்த்தேன். சீட் சட்டம் முக்கால் இன்ச் கனத்துக்கு மேல், அகலமும் ரெண்டு இன்ச் இருக்கிறது. தேக்கு. தாங்கும். ரப்பர்மரத் துண்டை ஒட்டிய சட்டமாக இருந்தால் நானும் பலகைதான் போட்டிருப்பேன்.

ராஜா சித்தப்பா: ஸ்டூல் கதை வேறு. உயரத்தில் உட்காரும்போது சீட் ஆடினால் பயம் வரும். 12 மில்லி ப்ளைவுட், ஈரம் தாங்குகிற ரகம். அதில் அரை இன்ச் துளைகள் ஏழெட்டு. துளை இல்லாவிட்டால் உட்காரும்போது ‘புஸ்’ என்று தையல் வழியாகக் காற்று போகும், நாளடைவில் தையல் பிரியும். ஃபோமுக்குள் ஈரமும் தங்கும். மேல் விளிம்பை ரந்தா, அதாவது இழைப்புளி போட்டு உருட்டிவிட வேண்டும். கூர் முனை துணியை உள்ளிருந்தே அறுக்கும்.

சுமதி அத்தை: ஃபோம் எவ்வளவு கனம் என்று யாராவது சொல்லுங்களேன். அவன் 4 இன்ச் சொன்னானே.

கார்த்திக்: நாற்காலிக்கு 2 இன்ச் போதும் அத்தை. பட்டை கட்டிய மட்டம் ஏறக்குறைய 17. அதன்மேல் 2 இன்ச் கெட்டி ஃபோம், மாமா உட்கார்ந்ததும் பட்டையும் ஃபோமுமாக அமுங்கி 18-ல் நிற்கும். டேபிளோடு 12 இன்ச் இடைவெளி, அடிச்சட்டத்துக்கும் சீட்டுக்கும் நடுவே 8 இன்ச். 4 இன்ச் வைத்தால் கெட்டி ஃபோமாக இருந்தால் உங்கள் கால் தரையில் படாது, மெத்தென்றால் மறுபடி குழி.

விமலா சித்தி: அண்ணனுக்கு முட்டி வலி. இன்னும் கொஞ்சம் உயரம் கூட்டினால் எழுவதற்குச் சுலபமாக இருக்குமே?

ராஜா சித்தப்பா: அத்தான் நாற்காலிக்கு மட்டும் ஃபோமுக்கு அடியில் ஒரு இன்ச் ரீபாண்டட் வைக்கிறேன். ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிய கட்டி, கல் மாதிரி இருக்கும். 19 வரும். அதற்குமேல் ஏற்றினால் சட்டம் இடிக்கும்.

நடராஜன் மாமா: எனக்குத் தனி நாற்காலியா! 😎

ராஜா சித்தப்பா: ஸ்டூலுக்கும் அதே ரீபாண்டட் ஒரு இன்ச், மேலே 32 டென்சிட்டி ஒரு இன்ச். நாற்காலிக்கு 40 டென்சிட்டி கெட்டி ரகம்.

பிரியா: டென்சிட்டி அதிகம் என்றால் கெட்டி என்று அர்த்தமா?

ராஜா சித்தப்பா: இல்லை, எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டென்சிட்டி எடைக் கணக்கு, எத்தனை நாள் குழியாமல் உழைக்கும் என்பதற்கு. 40-லேயே மெத்தென்றும் வரும், கெட்டியாகவும் வரும். ரெண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கார்த்திக்: எடைக் கணக்கு என்பதால் ஒரு வசதி இருக்கிறது. 40 டென்சிட்டி என்றால் ஒரு கனமீட்டருக்கு 40 கிலோ. ஆறுக்கு மூன்று அடி ஷீட், 2 இன்ச் கனம் என்றால் 3.4 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 2.7. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டால் போதும். 40 என்று சொல்லி 2 கிலோ ஷீட்டைக் கொடுத்தால் அது 23, 24-தான்.

சுமதி அத்தை: அடப்பாவி. அவன் கடையில் ஒரு ஷீட்டைச் சுண்டுவிரலில் தூக்கினானே!

கார்த்திக்: ஒரு ஷீட்டில் 18-க்கு 18 துண்டு எட்டு வரும். நாலு நாற்காலி போக மிச்சம் இருக்கும்.

ராஜா சித்தப்பா: ஃபோமைச் சட்டத்தைவிடச் சுற்றிலும் கால் இன்ச் பெரிதாக வெட்டுவேன். துணி இழுக்கும்போது அமுங்கி ஓரம் விம்மி நிற்கும். முன்பக்கம் மட்டும் அடியில் சரிவாகச் சீவிவிடுவேன், துணி விளிம்பை வளைத்து இறக்கும், முழங்காலுக்குப் பின்னால் வெட்டாது. பட்டைக்கும் ஃபோமுக்கும் நடுவில் கெட்டியான காடாத்துணி ஒன்று போட வேண்டும், இல்லையென்றால் பட்டை ஃபோமைக் கடித்துக் கோடு விழும்.

விமலா சித்தி: ஃபோம்மேல் நேராகத் துணி போடாதீர்கள். நடுவில் ஃபைபர் பஞ்சு ஷீட் ஒரு சுற்று வேண்டும். ஃபோம் துணியைப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் ரெண்டும் உரசி உரசித் துணி நைந்துவிடும். பஞ்சு இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

பிரியா: பைப்பிங் வைப்பீர்களா விமலா அத்தை? ஓரத்தில் வேறு நிறத்தில் கயிறு மாதிரி வருமே, அழகாக இருக்கும்.

விமலா சித்தி: நாற்காலிக்கு வேண்டுமானால் வைக்கிறேன். ஸ்டூலுக்கு வைக்க மாட்டேன். ஏறி இறங்கும்போது முன் ஓரத்தில்தான் தொடை தேயும், முதலில் கிழிவதும் பைப்பிங்தான்.

கார்த்திக்: ஸ்டூல் காலை 5 இன்ச் அறுத்துவிடலாம். மிதிகட்டைக்கும் சீட்டுக்கும் நடுவே எவ்வளவு அத்தை?

சுமதி அத்தை: 18.

கார்த்திக்: சரியான அளவு. கீழே அறுப்பதால் அது மாறாது. கால் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் காலுக்குச் செங்குத்தாக அறுக்கக் கூடாது, தரைக்கு இணையாகக் குறி போட வேண்டும். சமதளத்தில் நிற்கவைத்து, ஒரு கட்டையின்மேல் பென்சிலை வைத்து நாலு காலையும் சுற்றி வந்தால் கோடு தானாக விழும். புது குஷன் பழையதைவிட எவ்வளவு உயரமோ அதையும் சேர்த்து அறுக்கலாம். அதனால் குஷன் முடிந்த பிறகுதான் ரம்பம்.

ராஜா சித்தப்பா: நாளைக்கு வருகிறேன். ஞாயிறு, ஹார்பர் லைனில் மெகா பிளாக் இருக்கும், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவிடுவார்கள், பஸ்தான். ஃபோமைச் சுருட்டிக் கட்டிவிடலாம், ரீபாண்டட் சுருளாது, அளவுக்கு வெட்டியே கொண்டு வருகிறேன். முதலில் அத்தான் நாற்காலி. துணி அடிக்காமல் ஃபோமை மட்டும் வைத்து, மேலே பெட்ஷீட் சுற்றிச் சாப்பாடு முடியும்வரை உட்காரட்டும். சரியென்றால் பின் அடிப்பேன், இல்லையென்றால் ஃபோமை மாற்றுவேன். துணி அடித்த பிறகு கண்டுபிடித்துப் பிரயோசனமில்லை. பின் எல்லாம் ஸ்டெயின்லெஸ். இந்தக் காற்றில் சாதா பின் துருப்பிடித்துத் துணியைத் தின்றுவிடும்.

பிரியா: நான் இன்றைக்கே துணி எடுத்துவிடுகிறேன். கடுகு மஞ்சளா, சாம்பல் நிறமா? ஓட்டுப் போடுங்கள்.

விமலா சித்தி: மஞ்சள். சாம்பார் பட்டாலும் தெரியாது.

கார்த்திக்: மஞ்சள்.

நடராஜன் மாமா: சாம்பல்.

சுமதி அத்தை: மஞ்சள். எட்டு மணிக்கே வா ராஜா, டிபன் இங்கேதான். விமலாவையும் கூட்டி வா. மூலையில் துணி மடிக்க உனக்கு வராது.

ராஜா சித்தப்பா: அக்கா, இத்தனை வருஷத் தொழில்…

விமலா சித்தி: வருகிறேன் மதினி. 😀