பெரியப்பாவின் இல்லாத கை

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் என் பெரியப்பா வேலை செய்தார். கொழுந்து உருட்டும் ரோலரில் வலது கை சிக்கி, முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியது, கைதான் அவரை விட்டுப் போகவில்லை. "விரல்கள் இறுக மூடியிருக்கின்றன, நகம் உள்ளங்கையில் குத்துகிறது" என்று நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் சிரித்தவர்களும் உண்டு, வேப்பிலை அடித்தவர்களும் உண்டு. மருந்துக்குப் போன இடத்தில் "எல்லாம் மனப்பிரமை" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஒரு சொல்மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

கல்வியியற் கல்லூரியில் படித்த நாட்களில்தான் மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனின் ஆய்வுகள் கண்ணில் பட்டன. 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் வழியாகக் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். பார்வையை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1990களில் கை கால் இழந்தவர்கள் பக்கம் திரும்பினார். கருவி என்ன தெரியுமா? பஞ்சுக் குச்சி! கை இழந்த இளைஞன் ஒருவனின் கண்ணைக் கட்டிக் கன்னத்தைத் தொட்டார். இல்லாத விரலைத் தொடுவதாக அவன் சொன்னான். மூளையின் வெளி அடுக்கான புறணியில் முகத்துக்கான இடமும் கைக்கான இடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. கையிலிருந்து செய்தி வருவது நின்றதும் முகம் அங்கே குடிபுகுந்துவிட்டது என்பது அவர் விளக்கம். ஆளில்லாத காம்பராவைப் பக்கத்து வீடு பிடித்துக்கொள்வது நமக்குத் தெரியாததா?

விடுமுறையில் பெரியப்பாவின் கன்னத்தில் நானும் தடவிப் பார்த்தேன். "கூசுகிறது, விடு" என்றார். சலிப்போடு வெட்டுண்ட கையின் மேற்பகுதியைத் தொட்டேன். "அது பெருவிரல்" என்றார், என்னைவிட அதிர்ச்சியோடு.

பிறகுதான் ராமச்சந்திரனின் கண்ணாடி வைத்தியத்தையும் செய்து பார்த்தேன். சலூன்காரரிடம் இரவல் வாங்கிய கண்ணாடியைப் பழைய தேயிலைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்தேன், பெரியப்பாவின் இடது கையின் பிம்பம் வலது கை இருந்த இடத்தில் தெரியும்படி. விரியச் சொல்லி மூளை இடும் கட்டளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிலே வருவதில்லை. இங்கே கண் பதில் சொல்கிறது. இடது கையை மூடி மூடித் திறந்தவர், சட்டென்று "விரிகிறது" என்றார். பெரியம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தார்.

எரிச்சல் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் முஷ்டி இறுகும் இரவுகளில் அவரே கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்வார்.

---

பெரியப்பாவின் கை பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுத் தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். சீனி வருத்தத்தால் என் அம்மாவின் காலை எடுத்தார்கள். ஒரு மாதம் கண்ணாடி வைத்தோம், பலனில்லை. எல்லோருக்கும் இது கேட்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. கண்ணாடி நியூரான்களை, அதாவது பிறர் ஒன்றைச் செய்வதைப் பார்க்கும்போதும் நாமே செய்வதுபோல் இயங்கும் மூளைச் செல்களைப் பற்றி ராமச்சந்திரன் சொன்ன பெரிய வார்த்தைகளைச் சக ஆய்வாளர்களிலேயே சிலர் ஏற்கவில்லை. கொஞ்சம் அவசரக்காரர் என்பது என் கணிப்பு.

ஆனாலும் 2001இல் அவரும் எட்வர்ட் ஹப்பார்டும் எழுதிய ஒன்றை வகுப்பில் செய்து பார்த்தேன். ஒரு வளைவான உருவம், ஒரு கூரான உருவம். பொருளில்லாத இரண்டு பெயர்கள். எது பூபா, எது கிக்கி? அமெரிக்கர்களும் தமிழர்களும் பெரும்பாலும் வளைவானதைத்தான் பூபா என்றார்களாம். என் பிள்ளைகளும் அப்படியே, ஒருவனைத் தவிர. ஏன் என்று கேட்டேன். "எங்கள் வீட்டு நாயின் பெயர் கிக்கி, டீச்சர். அது நல்ல குண்டு."