பொருள்: வானோக்கா, அண்ணாத்தலா? ஆட்டுக் கையேட்டுக்கு ஒரு சொல்

கரூரான்:
குழுவினருக்கு வணக்கம். வெள்ளாடு வளர்ப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தயமின் (பி1) குறைபாட்டுப் பகுதியில் ‘ஸ்டார் கேஸிங்’ என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கல்யாண வீட்டில் மீந்த சோற்றையோ மூட்டை அவிழ்ந்த கம்பையோ ஆடு வயிறு முட்டத் தின்றுவிடுகிறது. முதல் வயிறு புளித்துப்போகிறது. வழக்கமாக ஆட்டுக்கு வேண்டிய தயமினை அங்குள்ள நுண்ணுயிர்களே ஆக்கித் தரும். இப்போதோ அதைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் பெருகிவிடுகின்றன. குளுக்கோசிலிருந்து ஆற்றல் எடுக்க மூளைக்குத் தயமின் வேண்டும். கிடைக்காவிட்டால் மூளை வீங்கும். ஆடு தலையைப் பின்னுக்கு வளைத்து, வானத்தைப் பார்ப்பதுபோல் நிற்கும். அந்த நிலைக்குத்தான் சொல் தேவை.

தென்பொதிகை:
இதில் என்ன தயக்கம்? ‘வானோக்கி வாழும் உலகெல்லாம்’ என்று வள்ளுவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கரிசல்காட்டை ‘வானம் பார்த்த பூமி’ என்கிறோம். ‘வானோக்கு நோய்’. முடிந்தது.

ஆட்டு டாக்டர்:
ஐயா, அந்த ஆட்டுக்குக் கண் தெரியாது! டார்ச் அடித்தால் கண்பாப்பா சுருங்கும், கண்ணில் பழுதில்லை. பழுது மூளைப் புறணியில். போய்ச் சுவரில் முட்டும். எதையுமே பார்க்காத ஆட்டுக்கு ‘நோக்கு’ என்று எப்படிப் பெயர் வைப்பது? ஆங்கிலக்காரன் தப்பாக வைத்தான் என்றால் நாமும் வைக்க வேண்டுமா?

பனங்காட்டான்:
உடம்பு வில்லாக வளைவதற்குத் தனுர்வாதம் என்ற பழைய சொல் இருக்கிறதே. வடமொழி ஒவ்வாதவர்கள் ‘வில்வாதம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டு டாக்டர்:
அது ரணஜன்னி. அந்தப் பெயரைப் படித்தவர் ரணஜன்னி ஊசி கேட்டுக்கொண்டு வருவார். இந்த ஆட்டுக்குப் போட வேண்டியது தயமின் ஊசி. தொடக்கத்திலேயே போட்டால் ஓரிரு நாளில் தேறிவிட வாய்ப்புண்டு, தாமதித்தால் பயனில்லை. ஒரு சொல்லில் ஓர் உயிர் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரையாள்:
‘அண்ணாத்தல்’ இருக்கிறது. அண்ணாந்து என்று இன்றும் பேசுகிறோம். கண் தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை, தலை மேலே போனால் போதும். ‘ஊனுண்ண அண்ணாத்தல் செய்யாது அளறு’, குறள் 255.

தென்பொதிகை:
அம்மா, அங்கே அண்ணாத்தல் என்றால் வாய் திறத்தல். விழுங்கியவனை வெளியே விட நரகம் வாய் திறக்காது என்பதே பரிமேலழகர் உரை. உங்கள் சொல்லை வைத்தால் ஆடு கொட்டாவி விடுகிறது என்றாகும். அதுவும் புலால் மறுத்தல் அதிகாரத்திலிருந்து, கறிக்கு வளர்க்கும் ஆட்டுக்கு!

காவிரிக்கரையாள்:
இரண்டுக்கும் வேர் ஒன்றே. அண் என்றால் மேல். மேல்வாய் அண்ணம்; மூத்தவன் அண்ணன்; உயர்ந்தவன் அண்ணல். அண்ணாமலையும் இதில் சேருமா என்று

ஆட்டு டாக்டர்:
அம்மா, மலை ஏறாதீர்கள். வெள்ளிக்கிழமை.

யாழ்ப்பாணத்தான்:
எங்கட பக்கம் சின்னப் பிள்ளையளுக்கும் அண்ணாந்து பார் எண்டு சொன்னா விளங்கும். அண்ணாத்தல் எண்டா அகராதி தேட வேணும். ஒண்டு மட்டும்: ‘அண்ணா நோய்’ எண்டு சுருக்கிப் போடாதேங்கோ, தமிழ்நாட்டில வேற வம்பு வரும்.

கரூரான்:
பக்கத்தில் ஆடு மேய்க்கும் பாட்டியிடம் மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். ‘வானோக்கு’ என்றதும் மழை வருமா என்று கேட்டார். ‘அண்ணாத்தல்’ என்றதும் என் முகத்தைப் பார்த்தார். ‘கழுத்து அண்ணாந்து நிற்கிற சீக்கு’ என்றதும், “போன தையில எங்க கெடா அப்புடித்தான் நின்னுச்சு, மறுநா இல்ல” என்றார். ‘அண்ணாந்த கழுத்து’ என்று போட்டு அனுப்புகிறேன். நான்கு பேர் சரி என்று தனிமடலில் எழுதிவிட்டீர்கள்.

தென்பொதிகை:
ஐந்தாமவன் எழுதவில்லை. அது நோய்ப்பெயரன்று, வருணனை. பெயரெச்சத்தை வைத்துக் கலைச்சொல் ஆக்கினால் நாளை துணைப்பெயர்கள் எப்படிப் பிறக்கும்? அடுத்த பதிப்பில் வருகிறேன்.

ஆட்டு டாக்டர்:
கரூரான், இன்னொரு வரி சேருங்கள். ரத்தக்கழிச்சலுக்குத் தரும் அம்ப்ரோலியம் அளவு மீறினாலும் இதே கதிதான். அது தயமின்போலவே உருவம் காட்டி அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட பொருளுக்கு நாம் என்ன சொல்...

பனங்காட்டான்:
போலிச்சத்து!

தென்பொதிகை:
‘போலி’ இலக்கணத்தில் வேறு பொருளுடையது. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று

கரூரான்:
தயவுசெய்து புது இழை.