காசநோய் சிகிச்சையில் இருப்பவர் வேலைக்குத் திரும்பும்போது ஒதுக்கிவைப்பதைத் தடுப்பது எப்படி?

கேள்வி:
பேக்கிங் பிரிவில் ஒருவர் நுரையீரல் காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்து 3 வாரம் ஆகிறது. வேலைக்கு வரலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கூட வேலை பார்ப்பவர்களோ அவருக்குத் தனி டம்ளர், தனி மேசை கேட்கிறார்கள். மேற்பார்வையாளர் என்ன செய்யலாம்?

பதில் 1:
தனி டம்ளர் வைக்கவே வைக்காதீர்கள், அதுவே முத்திரை குத்திவிடும். இந்தக் கிருமி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலந்து பரவுவது. பாத்திரத்தாலோ கைகுலுக்குவதாலோ அல்ல. மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்றால், விடாமல் மாத்திரை சாப்பிட்ட 2 வாரத்துக்குள் பரப்பும் தன்மை பெரும்பாலும் வெகுவாகக் குறைந்துவிடும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அது உண்மையிலேயே பயன்படும்.

பதில் 2:
விஷயம் கசியும் இடம் பெரும்பாலும் விடுப்புப் பதிவேடுதான். காரணத்தில் 'மருத்துவ விடுப்பு' என்பதோடு நிறுத்துங்கள். அருகில் நெடுநேரம் வேலை செய்தவர்களைப் பரிசோதனைக்கு அழைக்கும்போதும் யார் பெயரும் வரக்கூடாது. முதல் சோதனை நெகட்டிவ் என்றாலும், கடைசித் தொடர்புக்கு 8–10 வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

பதில் 3:
வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு இரண்டு அல்லது மூன்று. கேலிக்குப் பயந்து மாத்திரையை மறைப்பவர்கள் வேளை தவறவிடுகிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி உருவாக அது வழிவிடும். இந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அது ஆபத்தில்லை என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மறுபரிசோதனை நாட்களில் சம்பளம் பிடிக்காதீர்கள்.