டை லாட்: "ஈடு" என்று சொல்லலாமா?

> "டை லாட்" என்பதற்குச் "சாயத் தொகுதி" என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

பின்னல் குறிப்புகளில் வரும் "டை லாட்" (dye lot) என்ற சொல்லைத் தமிழாக்குவது பற்றிய கேள்வி இது. வேண்டாம் என்பது என் கருத்து. தொகுதி என்றால் பலவற்றைச் சேர்த்து வைத்தது. "சாயத் தொகுதி" என்று படிப்பவருக்குப் பல நிறச் சாயப் பொட்டலங்கள் அடங்கிய பெட்டிதான் தோன்றும். நாம் சொல்ல வந்ததோ ஒரே தொட்டியில், ஒரே தடவையில் சாயம் ஏறி வந்த நூல்.

இந்தச் சொல் எங்கே தேவைப்படுகிறது என்று பாருங்கள். குன்னூரில் ஒரு சின்ன உல்லன் நூல் கடை. குரோஷா ஊசி, எம்பிராய்டரி வளையம், ஆங்கர் நூல், லூதியானாவிலிருந்து வரும் உல்லன் உருண்டைகள் என்று கூரை வரை அடுக்கியிருக்கும். அண்மையில் அங்கே போயிருந்தபோது ஓர் அம்மா பாதி பின்னிய ஸ்வெட்டரோடு வந்து, அதே மெரூனில் இன்னும் இரண்டு உருண்டை கேட்டார். கடைக்கார அக்கா உருண்டையின் காகிதப் பட்டையைத் திருப்பி ஷேடு எண்ணை, அதாவது நிறத்தின் எண்ணைப் பார்த்தார். சரியாக இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த இன்னோர் எண்ணையும், அதாவது லாட் எண்ணையும் பார்த்தார். அப்புறம் ஸ்வெட்டரையும் உருண்டையையும் வாசலுக்குக் கொண்டுபோய் ஒட்டிவைத்தார். டியூப்லைட்டில் தெரியாத வித்தியாசம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"கலர் ஒண்ணுதாம்மா, லாட்டு வேற. நெஞ்சுக்குக் குறுக்க கோடு விழுந்துரும். பழைய உருண்டை மிச்சம் இருந்தா, அதுல ரெண்டு வரி, இதுல ரெண்டு வரின்னு மாத்தி மாத்திப் போட்டுட்டு வாங்க. கண்ணுக்குத் தெரியாது."

சாயத்தின் அளவு, தண்ணீர், சூடு, ஊறும் நேரம் இவற்றில் எது கொஞ்சம் மாறினாலும் நிறம் ஒரு பொட்டு தள்ளிவிடும். பட்டையில் இரண்டு எண் போடுவது அதற்காகத்தான்.

இதற்கான சொல் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. "முதல் ஈடு எடுத்தாச்சு, ரெண்டாவது ஈடு வச்சிருக்கேன்" என்று இட்லிக்குச் சொல்கிறோமே, அந்த ஈடுதான். மாவும் சட்டியும் ஒன்றாக இருந்தாலும் முதல் ஈடு மாதிரியே மூன்றாம் ஈடு வருவதில்லை. டை லாட் என்பதன் கருத்து முழுக்க இதில் அடங்கிவிடுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. சேர்த்து எழுதினால் "சாயவீடு" ஆகி, வீடு உள்ளே வந்துவிடும். "தோய்ப்பீடு" என்று மாற்றிப் பார்த்தேன். மதிப்பீடு, கணக்கீடு போலச் செயலைக் குறிக்கும் பெயராக ஒலிக்கிறது. ஆகவே "சாய ஈடு" என்று பிரித்தே எழுதலாம். பட்டையில் "நிற எண்", "ஈட்டு எண்" என்று அச்சிடலாம். பின்னல் குறிப்பில் "எல்லா உருண்டையும் ஒரே ஈடாகப் பார்த்து வாங்கவும்" என்று எழுதிப் பாருங்கள், இடறாமல் போகிறது. ஈடு என்றால் அடமானமும்தானே என்று கேட்கலாம். நூல் உருண்டையின் பட்டையில் அதைப் படித்து யாரும் குழம்பப்போவதில்லை.

கடையில் "லாட்டு" என்றே பேசட்டும். அது அவர்கள் வாயில் நன்றாக உட்கார்ந்துவிட்ட சொல். நமக்கு வேண்டியது தமிழில் பின்னல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கான சொல்.

பெயின்ட், டைல்ஸ், மருந்து அட்டை இவற்றில் வரும் "பேட்ச்" எண்ணுக்கும் "ஈட்டு எண்" பொருந்தும் என்று நினைக்கிறேன். மருந்துத் துறையில் இருப்பவர்கள் இதைப் பற்றி எழுதினால் நல்லது.