புதுப்பிப்பு: அப்பாயி தெலுங்கில் மட்டும் பேசுவது

மறதி நோய் உள்ள அப்பாயி தமிழை விட்டுவிட்டு, ஓசூரில் சின்ன வயதில் பேசிய தெலுங்கிலேயே பேசுகிறார், அதுவும் மூன்று நாளாக ஒரே உளறல் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "முதலில் சிறுநீர் டெஸ்ட் எடுங்க" என்றவர் சொன்னதுதான் சரி, கிருமித் தொற்று. மாத்திரை கொடுத்ததும் ஒரு வாரத்தில் உளறல் நின்றது. தெலுங்கு நிற்கவில்லை; பின்னால் கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் நழுவுமாம், டாக்டர் சொன்னார். அப்புறம் அம்மாப்பேட்டையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் நாலு வார்த்தை கேட்டு வந்து, "நீள்ளு காவாலா?" என்று சொம்பை நீட்டினேன், மடமடவென்று குடித்தார். எதிர்பாராத ஒன்று: நூல்கண்டைக் கையில் கொடுத்தால் முழம் போட்டு "ஒண்ணு, ரெண்டு" என்று தமிழில்தான் எண்ணுகிறார். கடைவீதியில் முப்பது வருஷம் பூ விற்றவர். திட்டுவதும் தமிழில்தான்.