வினாடி வினாக் கேள்விகள்: ஒரே விடைதான் வருமா? சரிபார்த்துத் தாருங்கள்

நூலக_வாசல்:

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டம் அடுத்த மாதம் பொது அறிவு வினாடி வினா நடத்துகிறது. எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள், ஆறு அணிகள், அணிக்கு மூன்று பேர், மொத்தம் ஒன்றரை மணி நேரம். பழைய பொது அறிவுப் புத்தகங்களிலிருந்தும் வாட்ஸ்அப்பில் வந்த தொகுப்புகளிலிருந்தும் கேள்விகளை எடுத்தேன். சந்தேகம் உள்ளவை மட்டும் கீழே. பெற்றோர்கள் கையில் போனோடு உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் தகராறு வராதபடி திருத்தித் தாருங்கள்.

1. மிக வெப்பமான கோள் எது? விடை: வெள்ளி
2. உலகின் மிகப் பெரிய பாலைவனம்? விடை: சஹாரா
3. அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் தனிமம்? விடை: பாதரசம்
4. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம்? விடை: தொட்டபெட்டா
5. இந்தியாவின் தேசிய விளையாட்டு? விடை: ஹாக்கி
6. அதிக நிலவுகள் உள்ள கோள்? விடை: வியாழன்
7. இந்தியக் கடற்கரையின் நீளம்? விடை: 7516.6 கி.மீ.
8. தமிழ்நாட்டில் பிறந்து நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர்? விடை: சி.வி. ராமன்
9. மக்களவையின் மொத்த இடங்கள்? விடை: 545
10. பாம்பன் பாலம் திறக்கப்பட்ட ஆண்டு? விடை: 1914

மொத்தம் எத்தனை கேள்விகள் கையில் இருக்க வேண்டும், சுற்றுகளை எப்படிப் பிரிப்பது என்றும் சொல்லுங்கள்.

வினாத்தாள்:

முதலில், விடையே தப்பாக இருப்பவை. 4-க்கு ஆனைமுடிதான் விடை. அது கேரளத்தில், 2695 மீட்டர். தொட்டபெட்டா 2637 மீட்டர். தமிழ்நாட்டுக்குள்தான் அது முதலிடம். "தமிழ்நாட்டின்" என்று மாற்றினால் உங்கள் விடை சரியாகிவிடும்.

5-ஐ எடுத்துவிடுங்கள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக மத்திய அரசு அறிவித்ததில்லை. ஹாக்கி என்பது புத்தகத்துக்குப் புத்தகம் பார்த்து எழுதியே நிலைத்துப்போன விடை. தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு எது என்று கேளுங்கள். கபடி, சிக்கலே இல்லை.

9-இல் 545 பழைய கணக்கு. 543 தொகுதிகளோடு ஆங்கிலோ இந்தியர் இருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்று இருந்தது. 104-ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியில் அந்த நியமனம் முடிந்தது. இப்போது 543. நம் சட்டமன்றத்துக்கும் இதே கதைதான்: 235 என்று அச்சிட்ட புத்தகம் இருந்தால் அது 2020-க்கு முந்தையது, இப்போது 234. ஒரு பொது அறிவுப் புத்தகத்தை நம்பலாமா என்று பார்க்க நான் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். இது பழையதாக இருந்தால் மாநிலங்களின் எண்ணிக்கை, மாவட்டங்களின் எண்ணிக்கை (இப்போது 38) எல்லாமே பழையதாக இருக்கும்.

6-உம் 7-உம் வேறு வகை. ஒரு காலத்தில் சரியாக இருந்து பிறகு மாறியவை. 2025 மார்ச்சில் சனிக்கு ஒரே நேரத்தில் 128 புதிய நிலவுகள் அங்கீகரிக்கப்பட்டு மொத்தம் 274 ஆனது. வியாழனுக்கு நூறை ஒட்டித்தான். எனவே விடை சனி. எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், அது இன்னும் ஏறும்.

கடற்கரை நீளம் இதைவிடச் சுவையானது. 7516.6 என்பது 1970-களில் 1:45,00,000 என்ற சிறிய அளவு வரைபடத்தை வைத்து எடுத்த எண். அண்மையில் 1:2,50,000 அளவில் மறுபடி கணக்கிட்டபோது 11,098.81 கி.மீ. வந்தது. கடல் விலகி நிலம் நீளவில்லை. முன்பு ஒரே கோடாகத் தெரிந்த இடங்களில் கழிமுகங்களும் வளைவுகளும் உப்பங்கழிகளும் இப்போது அளவுக்குள் வந்துவிட்டன. அளக்கும் கோலைச் சிறிதாக்க ஆக்கக் கடற்கரை நீண்டுகொண்டே போகும். இதை நீளமாகக் கேட்காமல் காரணமாகக் கேளுங்கள்: "நிலம் கூடாமலே இந்தியக் கடற்கரையின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. எப்படி?" பத்தாம் வகுப்புப் பிள்ளை யோசித்தே சொல்லிவிடும்.

2-இல் "வெப்பப் பாலைவனம்" என்று ஒரு சொல் சேர்த்தால் சஹாரா. சேர்க்காவிட்டால் அண்டார்டிகா. மழையோ பனியோ ஆண்டுக்கு 250 மி.மீ.க்குள் விழும் நிலம் பாலைவனம் என்பது கணக்கு. அண்டார்டிகா சுமார் 1.4 கோடி சதுர கி.மீ., சஹாரா சுமார் 92 லட்சம்.

8-க்கு இரண்டு பேர். ராமன் 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். 2009-இல் வேதியியல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தார். இயற்பியல் நோபல் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் என்று ஓர் அணி கட்டாயம் சொல்லும். அவர் பிறந்தது லாகூரில், அதனால் தவறு. "இயற்பியலுக்கான" என்று சேர்த்தால் ராமன் மட்டும் நிற்பார்.

10-இல் எந்தப் பாலம்? பழைய ரயில் பாலம் 1914, சாலைப் பாலம் 1988, செங்குத்தாக மேலே எழும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல். பெயரோடு கேளுங்கள்.

1 சரி.

சோதனைக்குழாய்:

3-ஐப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கொஞ்சம் மாற்றினால் உங்கள் பட்டியலிலேயே சிறந்த கேள்வி ஆகிவிடும்.

25 டிகிரியில் திரவமாக இருப்பவை இரண்டு: பாதரசம், புரோமின். ஓர் அணி புரோமின் என்று சொன்னால் மறுக்க முடியாது. "திரவமாக இருக்கும் உலோகம்" என்றால் பாதரசம், "திரவமாக இருக்கும் அலோகம்" என்றால் புரோமின். பாடநூலில் இரண்டும் உண்டு.

ஆனால் "அறை வெப்பநிலை" என்பதே குளிர்நாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்த எண். சீசியம் 28.4 டிகிரியில் உருகும், காலியம் 29.8-இல் உருகும். சித்திரை வெயிலில் நம் வீட்டு அறை 33, 34 போகும்போது காலியம் டப்பாவுக்குள் தண்ணீராகக் கிடக்கும். "உள்ளங்கையில் வைத்தாலே உருகும், ஆனால் 2000 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும் உலோகம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். சீசியம் என்று யாராவது சொன்னால் தவறு: அது 700 டிகிரிக்குள் கொதித்துவிடும், மேலும் கையில் ஈரம் பட்டாலே தீப்பிடிக்கும். விடை காலியம் ஒன்றுதான்.

இதே காரணத்தால் "தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்" என்பதில் "கடல் மட்டத்தில்" என்பதை விடாதீர்கள். ஊட்டியில் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும்.

1-ஐச் சரி என்று விட்டுவிட்டார்கள். விடை சரிதான், ஆனால் பாதிப் பிள்ளைகள் புதன் என்பார்கள். காரணத்தை அட்டையில் எழுதி வையுங்கள். புதனில் காற்று மண்டலம் பெயரளவுக்குத்தான், பகலில் 430 வரை ஏறினாலும் இரவில் மைனஸ் 180-க்கு விழுந்துவிடும். வெள்ளியில் கரியமில வாயுப் போர்வை, பூமியைப்போல் 90 மடங்குக்கும் மேல் அழுத்தம். இரவு பகல் வேறுபாடு இல்லாமல் சுமார் 465.

மணியடி:

எண்ணிக்கைக்கு வருகிறேன். நேரடிக் கேள்விக்கு 30 விநாடி, விடை வராமல் கேள்வி கடந்து போகும் ஒவ்வோர் அணிக்கும் 10 விநாடி. ஆறு அணியும் சுற்றிவந்தால் 80 விநாடி. வாசிப்பதற்கும் விடையை விளக்குவதற்கும் சேர்த்தால் கேள்விக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு நேரடிச் சுற்று என்றால் 24 கேள்வி, 48 நிமிடம். மீதியில் ஓர் எழுத்துச் சுற்று, ஒரு பஸ்ஸர் சுற்று, பார்வையாளர்களுக்கு ஐந்தாறு. மேடையில் 45 போகும். கையில் 60 இருக்கட்டும். எதிர்பாராமல் ஒரு கேள்வி கசிந்துவிட்டால், அல்லது ஆட்சேபம் வந்து ரத்து செய்தால், மாற்று உடனே வேண்டும்.

நேரடி 10 மதிப்பெண், கடந்துவந்தால் 5 என்பதுதான் பள்ளிகளில் வழக்கம். இதில் ஒரு குறை உண்டு. சுமாரான அணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அணிக்குக் கடந்துவரும் கேள்விகளாக மதிப்பெண் குவியும். அதைத் தவிர்க்க, கேள்விக்கு யார் விடை சொன்னார்களோ அவர்களுக்கு அடுத்த அணியிலிருந்து அடுத்த கேள்வியைத் தொடங்குங்கள். மதிப்பெண் எல்லோருக்கும் 10. இரண்டு சுற்று இடமிருந்து வலம், இரண்டு சுற்று வலமிருந்து இடம். இருக்கைகளைக் குலுக்கலில் கொடுங்கள்.

பஸ்ஸர் கருவி இல்லையென்றால் கையுயர்த்தும் முறை வேண்டாம். யார் முதலில் என்பதில்தான் பெரிய சண்டையே வரும். அந்தச் சுற்றையும் எழுத்துச் சுற்றாக்கி, 20 விநாடியில் ஆறு அணியும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கருவி இருந்தால், அழுத்தியதும் வாசிப்பை நிறுத்திவிட வேண்டும், தவறுக்கு மைனஸ் 5. அதற்கேற்ப, கடினமான துப்பு முதலில், எளிதானது கடைசியில் வரும்படி எழுத வேண்டும். "கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்தவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 1930-இல் இயற்பியல் நோபல் பெற்றவர். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாவதற்கு இவர் கண்டுபிடிப்பே காரணம். யார்?" இதையே தலைகீழாக எழுதினால் முதல் வரியிலேயே ஆறு மணியும் அடிக்கும்.

சமநிலை வந்தால் எண்ணைக் கேட்டு, நெருங்கிய அணிக்குக் கொடுங்கள். அந்த எண் மாறாததாகவும், யாரும் மனப்பாடம் செய்திராததாகவும் இருக்க வேண்டும். ஈபிள் கோபுர உயரம் கூடாது. 2022-இல் புதிய ஆண்டெனா வைத்து 324 மீட்டர் 330 ஆகிவிட்டது. அப்பல்லோ 11 நிலவிலிருந்து எத்தனை கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தது என்று கேளுங்கள். சுமார் 21.5 கிலோ.

நூலக_வாசல்:

மூவருக்கும் மிக்க நன்றி. பட்டியலைத் திருத்திவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். "தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்" என்பதற்கு என்னிடம் உள்ள இரண்டு புத்தகங்களில் இரண்டு பெயர். அடுத்து, தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். ஒரே விடைக்குப் பல பெயர் சொன்னால் என்ன செய்வது?

வினாத்தாள்:

இரண்டு இல்லை, ஐந்தாறு பெயர் சொல்லலாம். சென்னை மாகாணத்தில் 1920 தேர்தலுக்குப் பின் முதல் அமைச்சரவைக்குத் தலைவர் சுப்பராயலு ரெட்டியார். 1947-இல் விடுதலையின்போது பதவியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1950-இல் குடியரசானபோது குமாரசாமி ராஜா. 1952 பொதுத்தேர்தலுக்குப் பின் ராஜாஜி. மொழிவழி மாநிலம் 1956 நவம்பர் 1-இல் அமைந்தபோது காமராஜர். தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தபோது அண்ணா. எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் "முதல்" பொருந்தும். எனவே தேதியை வைத்துக் கேளுங்கள்: "மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிய நாளில் முதலமைச்சராக இருந்தவர் யார்?" "முதல்", "பெரிய", "சிறந்த" ஆகிய மூன்று சொற்கள் வரும் ஒவ்வொரு கேள்வியையும் இப்படி நிறுத்திப் பாருங்கள். பெரிய மாநிலம் என்றால் பரப்பில் ராஜஸ்தான், மக்கள்தொகையில் உத்தரப் பிரதேசம்.

பெயர்களுக்கு, ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் ஏற்கத்தக்க எல்லாப் பெயரையும் முன்கூட்டியே எழுதுங்கள். வெள்ளி, சுக்கிரன், வீனஸ் மூன்றும் சரி. வரையாடு, நீலகிரித் தார் இரண்டும் சரி. ஆனால் "ஆடு" மட்டும் போதாது என்பதையும் அங்கேயே குறியுங்கள். நபர் பெயரில் இனிஷியல் கேட்க வேண்டாம், ஆனால் "சந்திரசேகர்" போலப் பலர் இருக்கும் பெயருக்குக் கட்டாயம் கேளுங்கள். அட்டையில் இல்லாத விடை வந்தால் நடுவர் ஒருவர் மட்டும் தீர்மானிக்கட்டும், பார்வையாளர் போனில் காட்டுவதை அந்தச் சுற்று முடிந்த பிறகே பார்ப்போம் என்று தொடக்கத்திலேயே மைக்கில் அறிவித்துவிடுங்கள். ஆட்சேபம் சரி என்று தெரிந்தால் கொடுத்த மதிப்பெண்ணைப் பிடுங்காமல், இழந்த அணிக்கும் அதே மதிப்பெண்ணைச் சேர்த்துவிடுங்கள்.