மின்கட்டணக் கூட்டத்தில் மாணவர்கள் பேசலாமா?

கேள்வி: கோவையில் இறுதியாண்டு படிக்கிறேன். காற்றாலை, சோலார் பற்றியெல்லாம் முடிவெடுக்கும் இடத்தில் எங்கள் வயதுக்காரர்களையே காணோம். யாரிடம் போய்ச் சொல்வது?

பதில் 1: மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதுங்கள் தம்பி. 2003 மின்சாரச் சட்டம் 64ஆவது பிரிவுப்படி, பொதுமக்கள் தரும் கருத்து, ஆட்சேபம் எல்லாவற்றையும் பரிசீலித்த பிறகுதான் கட்டண ஆணையே போட முடியும்.

பதில் 2: 2022 ஆகஸ்டில் கோவையில் அந்த ஆணையம் நடத்திய மின்கட்டணக் கருத்துக்கேட்புக்குப் போயிருந்தேன். பட்டறைக்காரர் ஒருவர் மடித்து மடித்துக் கிழிந்துபோன மின்கட்டண ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு நிலைக்கட்டணம் (மின்சாரம் பயன்படுத்தாவிட்டாலும் கட்டவேண்டிய தொகை) பற்றிப் பேசினார், மனசே கனத்துவிட்டது. ஆனால் மாணவர் ஒருவர்கூட என் கண்ணில் படவில்லை. அடுத்தமுறை கட்டாயம் வாங்க, கணக்கோடு வாங்க.

கேட்டவர்: சரி அண்ணா, முதலில் எங்கள் விடுதியின் ஓராண்டு ரசீதுகளைக் கேட்டு வாங்குகிறோம்.